நீர்ப்பறவைகளின் இல்லற வாழ்க்கை

காட்டூர் கடந்து தஞ்சைச் சாலையிற் செல்வோர், உழவுக் காலத்தில் வயல்தோறும் வெண்கொக்குகள் இரை பொறுக்கி நிற்பதைக் கண்டிருப்பர். அந்தியில் அவை வரிசையாகப் பறந்து போவதும் நாம் அறிந்ததே. ஆயினும் அவை எங்கே கூடு கட்டுகின்றன, எக்காலத்தில் முட்டையிடுகின்றன, குஞ்சுகளை எங்ஙனம் வளர்க்கின்றன என்று விசாரிப்பவர் சிலரே. அவ்விஷயத்தை ஈண்டுச் சுருக்கமாக ஆராய்வோம்.

முதலில் ஒரு மயக்கத்தை நீக்கிக்கொள்ளல் வேண்டும். நம் ஏரிகளில் மழைக்காலத்திற் காணும் பறவைகள் யாவும் அந்நிய தேசங்களிலிருந்து முட்டையிட வந்தவை என்று பலர் எண்ணுகின்றனர். உண்மை அதுவன்று. அரியலூர் மாவட்டத்துக் கரைவெட்டி ஏரி, காவிரி நீரைப் புள்ளம்பாடி வாய்க்கால் வழியாகப் பெறுவது. 2024இல் ராம்சார் உடன்படிக்கையின் பட்டியலில் இடம்பெற்றது. அங்கு வரித்தலை வாத்து இமயத்தைத் தாண்டி வந்து தங்குகின்றது. ஆனால் அது இங்கே முட்டையிடுவதில்லை. திபெத்து, மங்கோலியா முதலிய தேசங்களின் உயர்ந்த ஏரிக்கரைகளிலேதான் கோடையில் அது குஞ்சு பொரிக்கும். இங்குக் கூடு கட்டுபவையோ கொக்கு, நாரை, நீர்க்காகம், வக்கா, பாம்புத்தாரா, கூழைக்கடா முதலிய நம் நாட்டுப் பறவைகளே.

இவை வடகிழக்குப் பருவமழையை ஒட்டியே கூடு கட்டத் தொடங்கும். அதற்குக் காரணம் யாதெனில், மழையால் ஏரி நிரம்பியபின் மீனும் தவளையும் நத்தையும் பெருகுகின்றன. குஞ்சுகளின் பசி மிகும் நாட்களும் இரை மலியும் நாட்களும் இவ்வாறு ஒன்றுபடுகின்றன. நத்தைகுத்தி நாரை பெரும்பாலும் நத்தையையே நம்பி வாழ்வது. ஆகையால் நீர் நிலைக்காத ஆண்டில் அது கூடு கட்டாமலே இருந்துவிடுதலும் உண்டு. பஞ்சாங்கத்தைப் பாராது ஏரியையே பார்த்து இவை நாள் குறிக்கின்றன எனலாம்.

இவற்றின் கூடுகளும் ஒரேவிதமானவை அல்ல. நாரையும் கொக்கும் நீர்க்காகமும் ஏரியினுள் நிற்கும் கடம்பு, கருவேல மரங்களிற் கூட்டமாகக் குடியேறும். நாரைகளுள் ஆண் சுள்ளி கொண்டுவரப் பெண் அதனை அடுக்கும். முக்குளிப்பானோ நீர்ப்பூண்டுகளாலாகிய மிதக்கும் மெத்தையில் முட்டையிட்டு, வெளியே செல்லும்போது அவற்றை இலைதழைகளால் மூடிவிடும். இலைக்கோழியின் வழக்கம் வியக்கத்தக்கது. பெண் முட்டையிட்டபின் அடைகாத்தலும் குஞ்சு பேணலும் ஆணின் கடமையாகின்றன.

நாரைக் கூட்டில் மூன்று நான்கு முட்டைகள் இருப்பினும் அவை ஒரே நாளில் இடப்படுவன அல்ல. முதல் முட்டை இட்டவுடனே அடைகாக்கத் தொடங்குதலால் குஞ்சுகள் முன்பின்னாகப் பொரிந்து, பெரிதும் சிறிதுமாக விளங்கும். இரை மிகுந்த ஆண்டில் எல்லாம் பிழைக்கும். குறைந்த ஆண்டில் மூத்தது உண்டு எஞ்சாமையால் இளையது மாண்டுபோகும். நமக்குக் கொடுமையாகத் தோன்றினும், எல்லாம் ஒருங்கே பட்டினியால் மடியாது ஒன்றிரண்டேனும் தப்புதற்கு இதுவே வழியாகின்றது. வெயில் ஏறும்போது தாய்தந்தையர் சிறகை விரித்து நின்று குஞ்சுகளுக்கு நிழல் தரும் காட்சியும் அதே கூட்டிற் காணப்படுவதாம்.

இனி ஒரு கணக்குப் பார்ப்போம். மஞ்சள்மூக்கு நாரை சுமார் ஒரு மாதம் அடைகாக்கின்றது. அதன் குஞ்சு பறப்பதற்கு ஏறத்தாழ இரண்டு மாதம் செல்லும். கூடு கட்டும் நாட்களையும் கூட்டினால் மூன்று மாதத்திற்கு மேல் மரத்தடியில் நீர் நிற்றல் வேண்டும். கூழைக்கடாவுக்கு இன்னும் அதிகம் வேண்டும். அந்நீர் அழகுக்காக நிற்பதன்று. நாயும் நரியும் காட்டுப்பூனையும் அணுகாதபடி காக்கும் அகழியும், இரை தரும் களஞ்சியமும் அதுவே. இடையில் ஏரி வற்றினாலோ, மீன் பிடிப்பதற்காக வடிக்கப்பட்டாலோ, பெற்றோர் கூட்டைக் கைவிட்டு அகல்வதுண்டு. சிறகு முளையாத குஞ்சு எங்கே செல்லும்?

இவ்வுண்மையை நூல் கல்லாத நம் கிராமத்தார் நெடுங்காலமாக உணர்ந்திருக்கின்றனர். செங்கற்பட்டு மாவட்டத்து வேடந்தாங்கலில், துருப்பினர் பறவைகளைச் சுட்டதைப் பொறாத ஊரார், 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் அக்காலத்துக் கலெக்டர் லயனல் பிளேஸிடம் முறையிட்டுப் பாதுகாப்புரிமை பெற்றனர். 1858இல் அதனைப் புதுப்பித்தும் கொண்டனர். பறவைகளின் எச்சம் கலந்த ஏரிநீர் நெல்லுக்கு நல்ல உரம் என்பதையும் அவர்கள் கண்டிருந்தனர். தயையும் லாபமும் அங்கே கைகோத்து நின்றன. சிவகங்கை மாவட்டத்தில், 1977இல் சரணாலயமாக்கப்பட்ட வேட்டங்குடிப் பகுதியிலோ, பறவைகள் அஞ்சிக் கலையாதிருக்கும் பொருட்டு ஊரார் பல்லாண்டுகளாகத் தீபாவளிக்குப் பட்டாசு கொளுத்துவதில்லை. சிறுவரும் அந்நோன்பிற் பங்கு கொள்ளுகின்றனர்.

வரித்தலை வாத்துக்கு நம் ஏரி ஒரு சத்திரம். நாரைக்கோ அது பிறந்த வீடு. சத்திரம் ஒன்று மூடினால் வழிப்போக்கர் வேறிடம் தேடக்கூடும். பிறந்த வீடு அழிந்தால் குலம் குன்றும். ஏரியைத் தூர்ப்பதும், அதனுள் நிற்கும் மரங்களை வெட்டுவதும், பருவம் முடியுமுன் நீரை வடிப்பதும் என்ன செய்யும் என்பதை இதனால் அறியலாம். விடுமுறையில் ஊர் செல்லும் மாணவர்கள் தத்தம் ஏரியிற் கூடு உண்டா, எந்த மரத்தில், எந்தப் பறவை, எம்மாதம் வரை நீர் நின்றது என்று ஒரு குறிப்பேட்டில் எழுதிவருவாராயின், அது நல்ல கல்வியாகும். கூட்டினருகே செல்லாது கரையில் நின்றே நோக்குதல் முறை. நாம் நெருங்கும்போது தாய்ப்பறவை எழுந்து பறந்தால், அந்தச் சில நிமிஷ வெயிலும் காக்கையின் அலகும் குஞ்சின் உயிரைக் கொள்ளை கொள்ளப் போதுமானவை.