டயர் ஒரு பக்கம் மட்டும் தேய்வது ஏன்? - சரக்கு வண்டி வைத்திருப்போர் கவனத்துக்கு



சில மாதங்களுக்கு முன் ஒரு விடியற்காலை, காந்தி மார்க்கெட்டில் வெங்காயமும் தக்காளியும் ஏற்றிக்கொண்டு கைலாசபுரம் திரும்பிய எங்கள் கடை வேனின் முன்பக்க இடது டயர், அரியமங்கலம் தாண்டியதும் வெடித்தது. வண்டி ஓட்டிய தம்பி நிதானமானவர். பதறிப்போய் பிரேக்கை மிதிக்காமல், ஸ்டியரிங்கை இறுகப் பிடித்து, வேகம் தானாகக் குறையும்வரை பொறுத்து ஓரங்கட்டினார். பின்னால் வந்த தஞ்சாவூர் பேருந்து ஒலி எழுப்பிக்கொண்டே ஒதுங்கிப் போயிற்று. யாருக்கும் காயமில்லை; இரண்டு பெட்டி தக்காளியோடு போயிற்று.

டயர் வாங்கி எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் பட்டன் நன்றாகவே இருந்தது. கழற்றித் திருப்பிப் போட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. உட்பக்க ஓரத்தில் ஒரு விரல் அகலத்துக்கு ரப்பரே இல்லை. உள்ளே இருக்கும் கம்பி பளபளவென்று வெளியே தெரிந்தது. தினமும் காலையில் ஊதுபத்தி ஏற்றி வண்டியைச் சுற்றி வருகிறோம். குனிந்து உட்பக்கம் பார்த்தவர் எங்களில் ஒருவரும் இல்லை.

அந்த எட்டு மாதத்தில் வீல் அலைன்மென்ட்டுக்கு மூன்று முறை பணம் கொடுத்திருந்தோம் என்பதுதான் கூடுதல் வேதனை. ஒவ்வொரு முறையும் கம்ப்யூட்டர் அச்சடித்த தாள் கிடைத்தது. பில்லோடு சேர்த்துக் கோப்பில் வைத்தோம். படித்துப் பார்க்கவில்லை.

எங்கள் வாடிக்கையாளர் ஒருவர், பாய்லர் ஆலையில் இருந்து ஓய்வுபெற்றவர். நம் பகுதியில் அப்படிப்பட்ட பெரியவர்களுக்குப் பஞ்சமில்லை. சுழலும் எந்தப் பொருளும் நேர்கோட்டில் இல்லாவிட்டால் எப்படித் தன்னைத்தானே தின்னும் என்பதை முப்பது வருடம் பார்த்தவர். அவர் வந்து கேட்டது ஒரு சாக்பீஸ், ஒரு ஆணி, ஒரு அளவு டேப், ஒரு ஜாக்கி. சமதளத்தில் வண்டியை நிறுத்தி, முன் சக்கரம் ஒவ்வொன்றையும் ஜாக்கியில் தூக்கி, டயர் நடுவில் சாக்பீஸ் பூசி, சக்கரத்தைச் சுற்றவிட்டு ஆணிமுனையால் ஒரு கோடு போட்டார். பிறகு வண்டியை இறக்கி, நாலு அடி முன்னே தள்ளி, அச்சு உயரத்தில் இரண்டு டயர்களின் கோடுகளுக்கு இடையே உள்ள தூரத்தை முன்புறம் ஒரு முறையும் பின்புறம் ஒரு முறையும் அளந்தார். முன்புற அளவு பின்புறத்தைவிட 7 மில்லிமீட்டர் அதிகமாக இருந்தது. கம்ப்யூட்டர் வருவதற்கு முன் பழைய மெக்கானிக்குகள் நூல் பிடித்துப் பார்த்ததும் ஏறத்தாழ இதே கணக்குத்தான்.

இந்த அளவுக்கு 'டோ' என்று பெயர். நாம் நடக்கும்போது இரு பாதங்களும் நேராக இல்லாமல் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருப்பது போன்றது. சக்கரங்கள் முன்பக்கம் உள்நோக்கித் திரும்பியிருந்தால் டோ-இன், வெளிநோக்கியிருந்தால் டோ-அவுட். எங்கள் வண்டியில் இருந்தது டோ-அவுட்.

7 மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு சக்கரமும் தன் பங்குக்கு 3.5 மில்லிமீட்டர் திரும்பியிருக்கிறது. சிறு வேனின் டயர் விட்டம் சுமார் 55 சென்டிமீட்டர். அப்படியானால் வண்டி ஒரு கிலோமீட்டர் நேராகப் போகும்போது, அந்த டயர் 6 மீட்டருக்கு மேல் உருளாமல் பக்கவாட்டில் இழுபடுகிறது. மார்க்கெட்டுக்குப் போக வர 25 கிலோமீட்டர் என்றும், மாதம் 26 நாள் என்றும் வைத்தால், மாதந்தோறும் 4 கிலோமீட்டருக்குமேல் டயரைத் தார்ச்சாலையில் அழிரப்பர் போல் தேய்த்திருக்கிறோம்.

இனி, மூன்று முறை சரிசெய்தும் ஏன் நிற்கவில்லை? ஸ்டியரிங்கையும் சக்கரத்தையும் இணைக்கும் டை ராட் முனையில் உள்ள பந்து இணைப்பு தேய்ந்து ஆட்டம் கண்டிருந்தது. ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தின் இடது வலது ஓரங்களைப் பிடித்து ஆட்டினால் 'டக் டக்' என்று கை உணர்ந்தது. ஆட்டமுள்ள இணைப்பை வைத்துக்கொண்டு அளவு வைப்பது, எடைக்கல் அடியில் புளி ஒட்டியிருக்கும்போது தராசைச் சரிபார்ப்பது போன்றது. மேடையில் நிற்கும்போது அளவு சரியாகக் காட்டும். முதல் பள்ளத்தில் இறங்கியதும் போய்விடும். எனவே முதலில் டை ராட், பால் ஜாயின்ட், வீல் பேரிங், புஷ் ஆகியவற்றைப் பார்த்து, தேய்ந்ததை மாற்றி, காற்றைச் சரியான அளவில் வைத்து, அதன் பிறகே அலைன்மென்ட் செய்ய வேண்டும். இந்த வரிசையைக் கேட்காமல் வண்டியை நேரே மேடையில் ஏற்றும் இடத்தில் நாம் பணத்தைத் தண்டமாகக் கொடுக்கிறோம் என்றே கொள்ளலாம்.

அச்சடித்த தாளில் டோ தவிர இன்னும் இரண்டு பெயர்கள் இருக்கும். சக்கரத்தை நேர்முன்னால் நின்று பார்க்கும்போது அதன் தலை உள்ளேயோ வெளியேயோ சாய்ந்திருக்கும் அளவு கேம்பர். தலை உள்ளே சாய்ந்தால் உட்புற ஓரமும், வெளியே சாய்ந்தால் வெளிப்புற ஓரமும் அதிகம் தேயும். மூன்றாவது காஸ்டர். சைக்கிளின் முன் ஃபோர்க் சற்றுச் சாய்வாக இருப்பதால்தான் கையை விட்டாலும் ஹாண்டில் நேராக வருகிறது. அந்தச் சாய்வுதான் இது. காஸ்டர் தனியாக டயரை அதிகம் தின்பதில்லை. ஆனால் இருபுறமும் வேறுபட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

இங்கே ஒரு முக்கியமான விஷயம். நம் ஊர்ச் சாலைகளில் ஓடும் பல சிறு கார்களிலும், 2019இல் தயாரிப்பு நின்ற ஆம்னி போன்ற வேன்களிலும் சாதாரணமாகத் திருகி மாற்றக்கூடியது டோ மட்டுமே. கேம்பரும் காஸ்டரும் ஆலையிலேயே அமைந்து வருபவை. அவை தாளில் சிவப்பாகத் தெரிந்தால் ஏதோ ஒரு பாகம் வளைந்திருக்கிறது என்று அர்த்தம். எங்கள் மூன்று தாள்களையும் பிறகு எடுத்துப் பார்த்தோம். மூன்றிலும் இடது கேம்பர் சிவப்பிலேயே இருந்தது. லோயர் ஆர்ம் வளைந்திருந்தது. இதை யாரும் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை. வளைந்த பாகத்தைச் சூடுபடுத்தி நிமிர்த்தித் தருகிறோம் என்பவர்களும் உண்டு. சூடேறிய இரும்பு தன் உறுதியை இழக்கும்; செலவைப் பாராமல் மாற்றுவதே நல்லது.

இடது பக்கம் ஏன் வளைந்தது என்பதற்கு நம் தஞ்சாவூர் சாலையே சாட்சி. பால்பண்ணையிலிருந்து துவாக்குடி வரை அணுகுசாலை வேண்டும், அதன் அகலம் எவ்வளவு என்று ஆண்டுக்கணக்கில் பேசி வருகிறோம். வியாபாரிகளிடையேயே இதில் இரு கருத்து உண்டு. அதற்குள் இப்போது போகவில்லை. கடைக்கு ஒதுங்க, தார்ச்சாலையின் விளிம்பிலிருந்து மண்ணில் இறங்கி ஏறும் ஒவ்வொரு முறையும் முதல் அடி வாங்குவது இடது முன் சக்கரம்தான். காவிரிப் பாலம் 2022-23இல் பழுதுபார்க்கப்படும் முன், அதன் இணைப்புகளில் 'தடக் தடக்' என்று வண்டி குதித்தது ஸ்ரீரங்கம் போய் வரும் அனைவருக்கும் நினைவிருக்கும். அத்தகைய அடியும், டவுன்ஷிப்பில் வேகத்தடையைக் கவனியாமல் முழுச் சுமையோடு ஏறி இறங்குவதும் ஒன்றுதான்.

தேய்மானத்தைப் பார்த்தே நோயைச் சொல்லிவிடலாம். இரண்டு முன் டயர்களும் உட்புறம் தேய்ந்தால் டோ-அவுட். இரண்டும் வெளிப்புறம் தேய்ந்தால் டோ-இன். உள்ளங்கையை டயரின் குறுக்கே தடவுங்கள். ஒரு திசையில் வழுவழுப்பாகவும், மறு திசையில் ரம்பம் போல் சுணையாகவும் இருந்தால் டோ கெட்டிருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் முன்பே கைக்குத் தெரிந்துவிடும் என்பதால் இந்தச் சோதனையை எல்லா ஓட்டுநருக்கும் சொல்லிக்கொடுங்கள். ஒரே ஒரு டயர் ஓரம் தேய்ந்தால் கேம்பரைச் சந்தேகிக்கலாம். நடுவில் மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம். இரு ஓரமும் தேய்ந்து நடு நின்றால் காற்று குறைவு. அங்கங்கே திட்டுத்திட்டாகக் குழி விழுந்தால் ஷாக் அப்சார்பரையோ பேலன்சிங்கையோ பார்க்க வேண்டும். வேகம் போகும்போது ஸ்டியரிங் நடுங்குவது பெரும்பாலும் பேலன்சிங் குறை. அதற்கு அலைன்மென்ட் செய்து பயனில்லை. இரண்டையும் ஒன்றென்று எண்ணுவோர் நம்மில் அதிகம்.

வண்டி ஒரு பக்கம் இழுத்தால் உடனே அலைன்மென்ட் என்று ஓடவும் வேண்டாம். காற்றைப் பாருங்கள். கொஞ்ச தூரம் ஓட்டி நிறுத்தி, ஒரு ரிம் மட்டும் கொதிக்கிறதா என்று கையைப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பாருங்கள், பிரேக் பிடித்துக்கொண்டிருக்கலாம். இரண்டு முன் டயர்களை இடம் வலம் மாற்றிப் போட்டபின் இழுப்பும் திசை மாறினால், குறை டயரிலேயே இருக்கிறது. சுழலும் திசை அம்புக்குறியிட்ட டயர்களை மட்டும் இப்படி மாற்றக் கூடாது.

மொத்த வியாபாரிகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. பட்டை ஸ்பிரிங் உள்ள சரக்கு வண்டிகளில் அளவுக்கு மீறி ஏற்றினால், யூ போல்ட் தளர்ந்தோ நடு போல்ட் உடைந்தோ பின் அச்சே ஒரு பக்கம் நகர்ந்துவிடும். அப்போது வண்டி நண்டு போல் கோணலாக ஓடும். ஸ்டியரிங்கை ஒரு பக்கம் திருப்பியே பிடிக்க வேண்டியிருக்கும். முன் சக்கரங்களை எவ்வளவு சரிசெய்தாலும் தீராது. ஸ்டியரிங்கை நேராக வைத்து, இடப்புற முன் சக்கர மையத்திலிருந்து பின் சக்கர மையம் வரை ஒரு கயிறு, வலப்புறமும் அதேபோல் ஒரு கயிறு பிடித்து ஒப்பிட்டால் வித்தியாசம் தெரிந்துவிடும். கடையில் சணலுக்கா பஞ்சம்?

நம் பாஷையில் லாப நட்டம் பார்ப்போம். ஒரு டயர் 4,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 40,000 கிலோமீட்டர் ஓடினால் கிலோமீட்டருக்கு 10 காசு. 16,000இல் போய்விட்டால் 25 காசு. நான்கு டயருக்கு, தினமும் ஓடும் வண்டிக்கு, வருடத்தில் எவ்வளவு என்று அவரவர் கணக்குப் போட்டுக்கொள்ளலாம். வழக்கமான முறையில் ஜி.எஸ்.டி. செலுத்தும் உறுப்பினர்கள், வியாபாரத்துக்கு ஓடும் சரக்கு வண்டியின் டயருக்கும் பழுதுபார்ப்புக்கும் கட்டும் வரியை உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொள்ள வழி உண்டு. ஆகவே கடைப் பெயரில், எண்ணோடு பில் வாங்குங்கள்.

டயர் வாங்கும்போது பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2324 என்றிருந்தால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் தயாரானது. பிஸ்கட் பாக்கெட்டுக்குத் தேதி பார்த்து வாங்கும் நாம், டயருக்குப் பார்ப்பதில்லை. பட்டன் பள்ளங்களுக்கு நடுவே சிறு மேடுகள் இருக்கும். கார்களுக்கு அவை 1.6 மில்லிமீட்டர் உயரம். பட்டன் அந்த மேட்டைத் தொட்டுவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது. ஓரத்தில் தொட்டு நடுவில் தொடாவிட்டாலும் அதே தீர்ப்புத்தான். எங்களுக்கு நடந்தது அதுவே.

இப்போது எங்கள் வேனுக்கு டை ராட் முனைகளும் இடது லோயர் ஆர்மும் புதிது. வலது டயரும் உட்புறம் பாதி தேய்ந்திருந்ததால் இரண்டையுமே மாற்றினோம். அலைன்மென்ட் முடிந்ததும் பழைய அளவு, புதிய அளவு இரண்டும் உள்ள தாளை வாங்கி, மீட்டர் எண்ணை அதில் எழுதி, வண்டி டாஷ்போர்டிலேயே வைத்திருக்கிறோம். 5,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை பார்ப்பது என்று முடிவு. திங்கட்கிழமைதோறும் காற்றுப் பிடிக்கும் முன், தம்பி ஸ்டியரிங்கை முழுவதும் ஒரு பக்கம் ஒடித்து நிறுத்தி, டயரின் உட்புறத்தைக் கையால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் மார்க்கெட்டுக்குக் கிளம்புகிறார்.