குடத்துச் சத்தமும் வாயேஜரின் ஆன்டெனாவும்... சூரிய எல்லையைத் தாண்டியது தெரிந்தது எப்படி?

குடத்தில் தண்ணீர் பிடிக்கும்போது கவனிச்சிருக்கீங்களா? உள்ளே எட்டிப் பார்க்காமலே, சத்தம் மாறுவதை வைத்தே 'நிறையப் போகுது'ன்னு குழாயை மூடிடுவோம். வாயேஜர் 1 விண்கலம் சூரியனின் எல்லையைத் தாண்டியதும் கிட்டத்தட்ட இப்படித்தான் தெரிய வந்தது. சத்தத்தைக் கேட்டது, அதன் ஆன்டெனா!

சூரியனிலிருந்து மின்னேற்றத் துகள்கள் ஓயாமல் வீசுகின்றன. இதுதான் பிளாஸ்மா. இது சூரியனைச் சுற்றி ஒரு பெரிய குமிழியை உருவாக்குகிறது. குமிழியின் ஓரத்தில் பிளாஸ்மா மிகவும் மெலிந்திருக்கும்; வெளியே, நட்சத்திரங்களுக்கு இடையில் அடர்த்தி அதிகம்.

1977-ல் கிளம்பிய வாயேஜரைச் சுற்றி, 2012 ஆகஸ்ட்டில் சூரியத் துகள்கள் திடீரெனக் குறைந்தன. 'வெளியே வந்தாச்சு' என்றார்கள் சிலர். ஆனால், காந்தப்புலத்தின் திசை எதிர்பார்த்தபடி மாறவில்லை. பிளாஸ்மாவின் அடர்த்தியை அளந்தால் சந்தேகம் தீர்ந்துவிடும். அதற்கான கருவியோ 1980-லேயே பழுதாகிவிட்டது!

கைகொடுத்த ஆன்டெனா

பூமியோடு பேசும் பெரிய தட்டு ஆன்டெனா வேறு. இது 'V' வடிவில் நீட்டியிருக்கும், தலா 10 மீட்டர் நீளமுள்ள இரண்டு கம்பிகள். பிளாஸ்மாவை ஏதாவது உலுக்கினால், அதிலுள்ள எலெக்ட்ரான்கள் ஊஞ்சல் மாதிரி முன்னும் பின்னும் ஆடும். அடர்த்தி கூடினால் ஆட்டத்தின் வேகமும் கூடும். அந்த ஆட்டத்தின் மின்புலம் கம்பிகளில் பதிவாகும்.

சரி, உலுக்குவது யார்? சூரியனேதான்! 2012 மார்ச்சில் சூரியனில் நடந்த வெடிப்பின் அதிர்வு, சுமார் 13 மாதங்கள் பயணித்து, 2013 ஏப்ரலில் வாயேஜரை எட்டியது. எலெக்ட்ரான்கள் விநாடிக்குச் சுமார் 2,600 முறை ஆடின. இது நம் காது கேட்கும் அளவுதான் என்பதால், ஒலியாகவே மாற்றிக் கேட்டார்கள்.

கணக்குப் போட்டார் அயோவா பல்கலைக்கழகத்தின் டான் கர்னெட். ஒரு லிட்டர் இடத்தில் சுமார் 80 எலெக்ட்ரான்கள். கேட்க ரொம்பக் கம்மியா தெரியுதா? குமிழியின் ஓரத்தில் இருந்ததைவிட இது 40 மடங்குக்கும் அதிகம்! 2012 இறுதியில் பதிவான இன்னொரு மெல்லிய ஆட்டத்தையும் சேர்த்துப் பின்னோக்கிக் கணக்கிட்டபோது, 2012 ஆகஸ்ட் 25 அன்றே வாயேஜர் எல்லையைத் தாண்டிவிட்டது உறுதியானது.

அதோடு முடியவில்லை. வெடிப்பு எதுவும் வராதபோதும் மெல்லிய முணுமுணுப்பு ஒன்று 2017 முதல் தொடர்ந்து பதிவாகியிருப்பதை 2021-ல் வெளியான ஆய்வு சொன்னது. அதாவது, அடர்த்தியை அறிய இனி சூரியன் உலுக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. சும்மா காது கொடுத்தாலே போதும்!