கல்லால் கனிவதா கனி?



சித்திரை பிறந்துவிட்டால் சந்தை மணக்கிறது. சேலத்துக் கடைவீதியானாலும் சரி, சென்னைக் கோயம்பேடானாலும் சரி, கூடை கூடையாக மாம்பழம் குவிகிறது. வேலை முடிந்து வீடு திரும்பும் உழைப்பாளி, பிள்ளைகளை எண்ணிக்கொண்டு தள்ளுவண்டியருகே நிற்கிறான். பளபளக்கிறது மஞ்சள்! பணம் கைமாறுகிறது. வீட்டிலே அறுத்துப் பார்த்தால்? தோலிலே பழம், சதையிலே காய்! ஒரு துண்டைக் கடித்த பிள்ளை முகத்தைச் சுளிக்கிறது. ஒரு நாள் கூலியிலே ஒரு பகுதி குப்பைக்குப் போகிறது.

ஏமாற்றியது யார்? தள்ளுவண்டிக்காரரா? அவரும் நம்மைப்போல் அன்றாடம் காய்ச்சிதான். மண்டியிலே கொடுத்ததை வாங்கி வந்து விற்கிறார். முற்றாத காயைப் பறித்து, கார்பைடு கல்லைப் போட்டு, ஓரிரு நாளில் மஞ்சளாக்கி முதல் விலைக்குத் தள்ளிவிடும் பேராசையல்லவா குற்றவாளி!

கார்பைடு கல் என்றால் என்னவென்று வெல்டிங் பட்டறைத் தோழருக்குத் தெரியும். நீர் பட்டால் அசிட்டிலீன் வாயுவைக் கக்கும் கல் அது. இரும்பை ஒட்டவைக்கும் கல்லுக்குக் கனிக்கூடையிலே என்ன வேலை? பழுக்கும்போது பழம் தானாகவே எத்திலீன் என்ற வாயுவை வெளியிடுகிறது. அந்த வாயுதான் காயைக் கனியாக்குகிறது. அசிட்டிலீன், அதைப்போல் வேடம் போடுகிறது. தோல் மஞ்சளாகிவிடும். ஆனால் முற்றாத காயிலே இனிப்பும் மணமும் எங்கிருந்து வரும்? போதாக்குறைக்கு, அந்தக் கல்லிலே ஆர்செனிக், பாஸ்பரஸ் நஞ்சுகளும் கலந்திருக்கக்கூடும். தின்பவனுக்கு மட்டுமா கேடு? கல்லைப் பொட்டலம் கட்டும் கூலித் தொழிலாளிக்கும் கேடு.

சட்டம் இல்லையா? இருக்கிறது! 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ், 2011இல் வகுக்கப்பட்ட விதிகள், கார்பைடு வாயுவால் பழுக்கவைத்த பழத்தை விற்கக்கூடாது என்று தடுக்கின்றன. எத்திலீன் வாயுவை, காற்றிலே பத்து லட்சத்துக்கு 100 பங்கு என்ற அளவுக்குள், அதற்கான அறையிலே பயன்படுத்த மட்டுமே இசைவு உண்டு. ஆனால் ஏட்டிலே இருக்கும் சட்டம் கூடைக்குள் தானாக எட்டிப்பார்க்குமா? வாங்குகிறவன் விழித்துக்கொண்டால்தான் விற்கிறவன் திருந்துவான்.

எப்படி விழிப்பது? முதலிலே நிறத்துக்கு மயங்காதீர்கள். இமாம் பசந்தும் மல்கோவாவும் நன்றாகக் கனிந்த பின்னும் பச்சை கலந்தே இருக்கும். ஒரு கூடைப் பழமும் ஒரே அச்சிலே வார்த்ததுபோல் ஒரே மஞ்சளாக இருந்தால் ஐயப்படுங்கள். மூக்கைக் காம்பருகே கொண்டுபோங்கள். மணம் இல்லையேல் கனி இல்லை. மெல்ல அழுத்துங்கள்; சற்றே இளகிக்கொடுக்க வேண்டும், குழையக்கூடாது. காம்பு சற்றே பள்ளத்தில் இறங்கி, இருபுறமும் தோள் புடைத்து நின்றால் முற்றிய காய். முற்றிய காய் தண்ணீரிலே மூழ்கும், முற்றாதது மிதக்கும்.

எல்லாவற்றையும்விடச் சிறந்த வழி ஒன்று உண்டு: பழத்தை வாங்காதீர்கள், முற்றிய காயை வாங்குங்கள்! பாட்டன் பாட்டி செய்ததுதானே? வைக்கோலைப் பரப்பி, காய்களை ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் அடுக்கி, மேலேயும் வைக்கோலிட்டுச் சாக்கால் மூடுங்கள். நகரத்திலே வைக்கோலுக்கு எங்கே போவது? பழைய செய்தித்தாளும் அட்டைப்பெட்டியும் போதும். நாலைந்து காய்தான் என்றால் அரிசிப் பானையே போதும். நடுவிலே ஒரு கனிந்த வாழைப்பழத்தை வையுங்கள். அது விடும் வாயு மற்றவற்றையும் எழுப்பிவிடும். நாள்தோறும் திறந்து பார்த்து, அழுகியதை அகற்றுங்கள். ஐந்தாறு நாளில் அறையே மணக்கும். காயைக் குளிர்ப்பெட்டியிலே வைத்துவிடாதீர்கள். குளிர் தாக்கிய காய் சரியாகப் பழுக்காது.

தின்பதற்கு அரைமணி நேரம் முன்பு பழத்தைத் தண்ணீரிலே போட்டு, காம்பில் ஒட்டிய பாலைக் கழுவுங்கள். அந்தப் பால்தான் உதட்டையும் தோலையும் அரிக்கவைப்பது. பிறகென்ன? தயிர்ச்சோற்றுக்கு இரண்டு துண்டு. கொட்டை, வீட்டின் கடைக்குட்டிக்கு!

அவசரமும் வேண்டாம். செந்தூரா முந்தும்; பங்கனப்பள்ளி தொடரும்; மல்கோவா வைகாசியில் நிறையும்; ஆனி, ஆடியில் ஏழையின் தோழன் நீலம் வரும். நீலத்தின் கொட்டையிலே சில வேளை கருவண்டு இருக்கும். பிஞ்சிலேயே புகுந்துவிடுவதால் வெளியே துளை தெரியாது. வண்டு கொட்டைக்குள் இருக்கிற வரை சதைக்குப் பழுதில்லை.

தோட்டத்துத் தோழனையும் மறக்கலாமா? கிருஷ்ணகிரியிலும் சித்தூரிலும் கிளிமூக்கு மாங்காய் பயிரிடுவோன், கூழ் ஆலையின் விலையை நம்பியிருக்கிறான். 2025ஆம் ஆண்டு விளைச்சல் பெருகி விலை சரிந்தபோது, ஆந்திர அரசு கிலோவுக்கு 12 ரூபாய் கிடைக்க ஏற்பாடு செய்தது: ஆலை தருவது 8 ரூபாய், அரசு தருவது 4 ரூபாய். ஆண்டெல்லாம் மரத்தைக் காத்தவனுக்குக் கிலோவுக்கு 12 ரூபாய் கிடைக்கவே அரசு தலையிட வேண்டியிருந்தது என்றால், உழவன் நிலை என்னவென்று விளங்கவில்லையா?

ஆகவே தோழர்களே, ஒன்று செய்யுங்கள். தெருவுக்குப் பத்துக் குடும்பம் கூடுங்கள். தனித்தனியே இரண்டு கிலோ பழம் வாங்குவதற்குப் பதில், கூட்டாக இரண்டு கூடை முற்றிய காய் வாங்குங்கள். முடிந்தால் தோட்டக்காரரிடமே வாங்குங்கள். பகிர்ந்துகொள்ளுங்கள், பழுக்கவையுங்கள். உழைத்தவனுக்கு உரிய விலை சேரும். உங்கள் பிள்ளைக்கு நஞ்சில்லாக் கனி கிடைக்கும். ஆறு நாள் பொறுத்தால் போதும்; கல் தோற்கும், கனி வெல்லும்!