தலைச்சன் பிள்ளையைத் தேடும் மலேரியா

கர்ப்பிணிக்கு எதிர்ப்புச் சக்தி குறைந்துவிடும், அதனால்தான் எந்த நோயும் சுலபமாகத் தொற்றுகிறது என்று பொதுவாகச் சொல்கிறோம். மலேரியா விஷயத்தில் மருத்துவ உலகமும் வெகுகாலம் அப்படித்தான் நம்பியது. ஆனால் அந்த விளக்கத்துக்குள் அடங்காத ஓர் உண்மை ஆப்பிரிக்கக் கிராமங்களில் கண்ணெதிரே இருந்தது. அங்கே மலேரியா அதிகம் வாட்டுவது தலைப்பிரசவத்துக்கு உண்டான பெண்ணைத்தான். இரண்டாவது பிள்ளைக்குக் குறைகிறது. மூன்று, நான்கு பெற்றவளுக்கு இன்னும் குறைகிறது. கர்ப்பம்தான் எதிர்ப்பைக் குறைக்கிறது என்றால் நாலாவது கர்ப்பமும் அதே அளவு குறைக்க வேண்டாமா?

விக்டோரியா ஏரியை ஒட்டிய மேற்குக் கென்யாவில் ஒரு பெண் குழந்தை பள்ளிக்குப் போகும் முன்பே பல தடவை மலேரியாக் காய்ச்சலில் விழுந்து எழுந்திருக்கும். பிழைத்து வளர்ந்தால் உடம்பு பழகிவிடும். வாலிப வயதில் ரத்தத்தில் ஒட்டுண்ணி இருந்தாலும் பெரும்பாலும் காய்ச்சல் வராது. அதே பெண் முதல் முறை உண்டானதும் எல்லாம் தலைகீழாகிறது. அங்கே பிரசவித்த தாய்மார்களின் நஞ்சுக்கொடியிலிருந்து எடுத்த ஒட்டுண்ணிகளை மிகல் ஃபிரைட், பேட்ரிக் டஃபி என்ற இரு ஆய்வாளர்கள் ஆராய்ந்து, 1996-ல் காரணத்தைக் காட்டினார்கள்.

ஃபால்சிபாரம் வகை ஒட்டுண்ணி புகுந்த செவ்வணு, ரத்தத்தோடு சுற்றினால் மண்ணீரலில் மாட்டிக்கொள்ளும். தப்பிப்பதற்காக, ஒட்டுண்ணி அணுவின் மேல் ஒரு புரதத்தை நீட்டி ரத்தக்குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொள்கிறது. அந்தப் புரதத்தை உண்டாக்க அதனிடம் ஏறக்குறைய 60 மரபணுக்கள். சட்டை மாற்றுவதுபோல் மாற்றி மாற்றிப் போடும். சின்ன வயதிலிருந்து காய்ச்சல் கண்ட உடம்பு பல சட்டைகளை அடையாளம் கண்டு வைத்திருக்கிறது. ஆனால் நஞ்சுக்கொடி புதிதாக முளைத்த உறுப்பு. அதிலுள்ள காண்ட்ராய்டின் சல்ஃபேட் ஏ என்ற பொருளில் ஒட்டுவதற்கென்றே ஒரு தனிச் சட்டை உண்டு. அதை அந்த உடம்பு அதுவரை சந்தித்ததே இல்லை.

எதிர்ப்புச் சக்தி குறைந்தது முழுக் காரணமல்ல. காவலே போட்டிராத இடம் ஒன்று புதிதாக வந்துவிட்டது என்பதுதான் பெரிய காரணம்.

கொடுமை என்னவென்றால், நஞ்சுக்கொடி முழுக்க ஒட்டுண்ணி அடைந்து கிடக்கும்போதும் விரலில் குத்தி எடுத்த ரத்தத்துளியில் எதுவும் தெரியாமல் போகலாம். தாய்க்குக் காய்ச்சல்கூட இருக்காது. சோகை கூடும், குழந்தை இரண்டரைக் கிலோவுக்கும் கீழே பிறக்கும். சில குழந்தைகள் தங்குவதே இல்லை. பிறகு அந்தத் தாயின் உடம்பு அந்தத் தனிச் சட்டையை அடையாளம் காணும் ஆன்டிபாடிகளை உண்டாக்கிக்கொள்கிறது. அடுத்த பிள்ளை கொஞ்சம் தேறிப் பிறக்கிறது. இயற்கையாக வரும் எதிர்ப்பே மேல் என்று பேசுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். அதற்கு விலை கொடுத்தது தலைச்சன் பிள்ளை.

நம் ஊரில் மலேரியா அப்படி ஊறிக் கிடக்கவில்லை. ஆகவே நம் பெண்களுக்கு அந்த அரைகுறைக் காப்பும் கிடையாது. எத்தனையாவது பிரசவம் என்றாலும் நோய் முற்றிப்போகும் அபாயம் உண்டு. கர்ப்ப காலத்தில் குளிர்சுரம் கண்டால் அன்றைக்கே ரத்தப் பரிசோதனை செய்துவிட வேண்டும்.

பல பிள்ளை பெற்ற கென்யத் தாய்மாரின் ஆன்டிபாடிகள் ஆசியாவில் எடுத்த ஒட்டுண்ணிகளையும் தடுத்தன என்று 1998-ல் தெரியவந்தபோது தடுப்பூசி நம்பிக்கை பிறந்தது. பாம்வாக், பிரிம்வாக் என்ற இரண்டு தடுப்பூசிகள் பெனின், புர்கினா ஃபாசோ நாட்டுப் பெண்களிடம் ஆரம்பகட்டச் சோதனை வரை வந்திருக்கின்றன. முதல் கர்ப்பத்துக்கு முன்பே போட்டால்தான் பலன் என்பதால் வயதுப் பெண்களைத் தேடிப் போய்ப் போட வேண்டியிருக்கும்.

அதுவரை ஆப்பிரிக்கக் கர்ப்பிணிகளுக்குத் தடுப்பாக இருப்பது மலிவான பழைய மருந்து: சல்ஃபடாக்சின்-பைரிமெத்தமைன். கர்ப்பத்தின் நாலாம் மாதத்திலிருந்து, மாத இடைவெளி விட்டு, குறைந்தது மூன்று வேளை. ஒவ்வொரு வேளைக்கும் மூன்று மாத்திரை, செவிலியர் கண்முன்னே தண்ணீர் ஊற்றி விழுங்க வேண்டும். கூடவே தரும் ஃபோலிக் அமிலம் 5 மில்லிகிராம் அளவில் இருந்தால் இந்த மருந்தின் வேலையையே கெடுத்துவிடும், 0.4 போதும். மலாவி 1993-லேயே இதைத் தேசியத் திட்டமாக்கியது. ஆனால் உலக சுகாதார நிறுவனக் கணக்கின்படி, 2022-ல் மலேரியா மிகுந்த 33 ஆப்பிரிக்க நாடுகளில் சுமார் 1.27 கோடிக் கர்ப்பிணிகளுக்கு மலேரியா தொற்றியது. மூன்று வேளையும் கிடைத்தவர்கள் பாதிப்பேர்கூட இல்லை. மருந்து இருக்கிறது, விலையும் கொஞ்சம். ஆனால் கர்ப்பிணி நாலாம் மாதத்தில் சுகாதார நிலையத்துக்கு வந்து சேர வழி இல்லை, வந்த நாளில் மாத்திரை கையிருப்பில் இல்லை.