பள்ளிக்கூடத்துக்குக் கம்ப்யூட்டர் வாங்கலாமா?

உங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் இருக்கிறதா? இருந்தால் அது ஓடுகிறதா? உங்கள் பிள்ளை அதைத் தொட்டுப் பார்த்ததுண்டா?

இப்படிக் கேட்க நமக்கு உரிமை உண்டு. எதைக் கேட்பது, எப்படிக் கேட்பது? அதற்கு நடந்த கதை ஒன்றைத் தெரிந்துகொள்வோம்.

கேட்டு வாங்கினார்கள்

இங்கிலாந்தில் பி.பி.சி. என்ற வானொலி, தொலைக்காட்சி நிறுவனம் இருக்கிறது. அங்கே கல்வி நிகழ்ச்சி தயாரிப்பவர்கள் 1980-களின் தொடக்கத்தில் ஒரு வேலையில் இறங்கினார்கள். சாதாரண மக்களுக்குக் கம்ப்யூட்டரைச் சொல்லித்தர வேண்டும். ஆனால் டி.வி.யில் பார்த்தால் மட்டும் போதுமா? பிறர் சைக்கிள் ஓட்டுவதைப் பார்த்தே நாம் பழக முடியுமா? பழகுவதற்கு ஒரு கம்ப்யூட்டர் வேண்டும்.

அவர்கள் கடைக்குப் போய், இருந்ததை வாங்கவில்லை. தங்களுக்கு என்னென்ன வேண்டும் என்று முதலில் எழுதினார்கள். பிறகுதான் கம்பெனிகளைத் தேடிப் போனார்கள்.

கேம்பிரிட்ஜ் நகரில் ஏக்கார்ன் என்ற சிறிய கம்பெனி இருந்தது. "வெள்ளிக்கிழமை வந்து பார்க்கிறோம்" என்றார்கள் பி.பி.சி.காரர்கள். காட்டுவதற்கு அங்கே எந்திரமே தயாராக இல்லை. ஸோஃபி வில்சன், ஸ்டீவ் ஃபர்பர் ஆகியோரும் கூட இருந்தவர்களும் இரவு பகலாக வேலை செய்தார்கள். ஒரே வாரத்தில் மாதிரி எந்திரம் தயார். வெள்ளிக்கிழமை காலையில்தான் அது ஓடியது!

அதற்கு 'பி.பி.சி. மைக்ரோ' என்று பெயர். அந்த நாட்டுப் பள்ளிகள் பலவற்றுக்கும் அது போய்ச் சேர்ந்தது. பள்ளிகள் வாங்குவதற்கு அரசும் பணம் கொடுத்து உதவியது.

நம் நாட்டுக்கு வந்தது

1984-ல் இந்தியாவில் 'கிளாஸ்' என்ற திட்டம் தொடங்கியது. முதலில் 250 பள்ளிகளைத் தேர்ந்தெடுத்தார்கள். அங்கே வந்து இறங்கியதும் இதே பி.பி.சி. மைக்ரோதான்.

எந்திரம் நல்ல எந்திரம். ஆனால் நம் வகுப்பறையைப் பார்த்துச் செய்தது அல்ல. அதில் வந்த பாடங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருந்தன. பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் குறைவு. எந்திரங்களும் குறைவு. ஒவ்வொரு பிள்ளைக்கும் கிடைத்த நேரமும் குறைவு.

பிறகு நம் நாட்டிலேயே வேறு வழியும் கண்டார்கள். கேரளத்தில் 2001-ல் 'ஐ.டி. அட் ஸ்கூல்' என்ற திட்டம் தொடங்கியது. அங்கே ஆசிரியர்களே மற்ற ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்தார்கள். பிள்ளைகள் மலையாளத்தில் கற்றார்கள். கம்ப்யூட்டரை இயக்கும் கட்டளைத் தொகுப்புக்கு 'சாஃப்ட்வேர்' என்று பெயர். உரிமக் கட்டணம் இல்லாமல், தேவைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளக்கூடிய சாஃப்ட்வேரை அவர்கள் பயன்படுத்தினார்கள்.

கம்பெனிக்குப் போகும்போது

கம்பெனியில் எல்லாம் அழகாகத் தெரியும். அங்கே தூசி இருக்காது. கரண்ட் போகாது. பழகிய ஆள் வேகமாக இயக்கிக் காட்டுவார். நம் பள்ளிக்கூடம் அப்படியா? ஆகவே பார்க்கப் போகும் ஆசிரியர்கள் இவற்றைக் கேட்க வேண்டும்:

1. பாடம் எங்கள் மொழியில் இருக்கிறதா? எங்கள் புத்தகத்தில் உள்ள ஒரு கணக்கை இதில் நடத்திக் காட்டுவீர்களா?

2. கரண்ட் போனால் என்ன ஆகும்?

3. பழுதானால் யார் வருவார்கள்? எத்தனை நாளில் வருவார்கள்? எத்தனை ஆண்டுக்குச் செலவு உங்களுடையது?

4. ஆசிரியருக்கு எத்தனை நாள் பயிற்சி? அவர் மாற்றலாகிப் போனால் அடுத்தவருக்கும் பயிற்சி உண்டா?

5. ஆண்டுதோறும் வேறு பணம் கட்ட வேண்டுமா?

பதில்களை எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. வாய்ச்சொல் பிறகு உதவாது.

ஒரு சின்னக் கணக்கு

ஒரு வகுப்பில் 40 பிள்ளைகள். கம்ப்யூட்டர் 10. ஒரு கம்ப்யூட்டருக்கு 4 பிள்ளைகள். பாட நேரம் 40 நிமிடம். அப்படியானால் ஒரு பிள்ளையின் கைக்கு வருவது 10 நிமிடம்தான். இரண்டு கம்ப்யூட்டர் பழுதானால் 8 நிமிடம். கெட்டிக்காரப் பிள்ளையே விசைகளைத் தட்டிக்கொண்டிருந்தால், பின்னால் நிற்கும் பிள்ளைக்கு ஒன்றும் இல்லை. பல இடங்களில் அப்படிப் பின்னால் நிற்பவள் பெண்பிள்ளையாக இருக்கிறாள். முறை வைத்து எல்லாரையும் உட்கார வைப்பது ஆசிரியரின் வேலை. அதைக் கம்ப்யூட்டர் செய்யாது.

நாம் என்ன செய்யலாம்?

2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி அரசுப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். அதில் நான்கில் மூன்று பங்குபேர் பெற்றோர். பாதிப்பேர் பெண்கள். படிக்காதவர் பேசக்கூடாது என்று சட்டத்தில் எங்கும் இல்லை.

அடுத்த கூட்டத்துக்குப் போங்கள். எத்தனை கம்ப்யூட்டர் வந்தது, எத்தனை ஓடுகிறது என்று கேளுங்கள். அறையைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள். ஓடாததைப் பற்றி மனு எழுதுங்கள். இப்போது உங்களுக்குத்தான் எழுதத் தெரியுமே!