தூங்க மறுக்கும் உடம்பு

பேரழிவு ஓய்ந்த பிறகும் பலருக்கு இரவுகள் ஓய்வதில்லை. நெஞ்சில் ஏறி அமுக்குவது பேயல்ல, காவலை விட மறுக்கும் மூளை. இழந்த தூக்கத்தைத் திரும்பப் பெற வழியும் இருக்கிறது.

மூன்று பேரழிவுகள். மூன்றும் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மீது வந்தவை.

1984 டிசம்பர் 2-ம் தேதி நள்ளிரவையொட்டி போபாலின் யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து கசிந்த விஷ வாயு, அக்கம்பக்கத்துக் குடிசைகளில் படுத்திருந்தவர்களைக் கண்ணெரிச்சலோடும் மூச்சுத் திணறலோடும் எழுப்பியது. பலர் எழவேயில்லை. 1993 செப்டம்பர் 30-ம் தேதி அதிகாலை 4 மணிக்குச் சற்று முன்பு மராட்டியத்தின் லாத்தூர், உஸ்மானாபாத் (இன்றைய தாராஷிவ்) மாவட்டங்களைப் பூகம்பம் உலுக்கியது. விநாயகர் சிலைகளைக் கரைத்துவிட்டு வந்து அசந்து தூங்கியவர்கள் மீது கல்லும் மண்ணும் கொண்டு கட்டிய கனத்த சுவர்களும் கூரைகளும் சரிந்தன. ஏறத்தாழ 10,000 பேர் இறந்தார்கள். 2024 ஜூலை 30-ம் தேதி, நள்ளிரவு தாண்டிய இருட்டில், கேரளத்தின் வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலைப் பகுதிகள் மீது மலையே இறங்கி வந்தது. 250க்கும் மேற்பட்டவர்களின் உயிர் போயிற்று.

இப்படித் தப்பியவர்கள் வீட்டையும் உறவையும் மட்டும் இழப்பதில்லை. கண்ணை மூடுவதே ஆபத்து என்று அவர்களின் உடம்பு ஒரு பாடம் படித்துக்கொள்கிறது. மனசு சமாதானமாகி, வேலைக்குப் போய், அடுத்த வீட்டுக் கல்யாணத்தில் சிரித்துப் பேசத் தொடங்கிய பிறகும் அந்தப் பாடம் மறப்பதில்லை. விளக்கை அணைத்ததும் அது விழித்துக்கொள்கிறது.

காவல் காக்கும் மூளை

ஆபத்தை மோப்பம் பிடிக்க மூளையில் ஒரு பகுதி உண்டு. அமிக்டலா என்பது அதன் பெயர். பெரிய அதிர்ச்சிக்குப் பிறகு அது சின்னச் சத்தத்துக்கும் அபாய மணி அடிக்கிறது. தகரக் கூரையில் மழை விழுந்தால், லாரி போகும்போது தரை அதிர்ந்தால், எங்கிருந்தோ புகை வாசனை வந்தால் போதும். இதயம் படபடக்கும், வியர்க்கும், தூக்கம் கலையும். மறுபடி படுத்தால் அதே சம்பவம் கனவில் வரும். கனவுக்குப் பயந்து சிலர் படுக்கப் போவதையே தள்ளிப்போடுகிறார்கள்.

முதல் சில வாரங்களுக்கு இது நோயல்ல. நடக்கக் கூடாதது நடந்துவிட்டால் யாருக்கும் வரக்கூடியதுதான். பெரும்பாலோருக்குத் தானாகவே குறைந்துவிடும். பயங்கர நினைவுகள், திடுக்கிடல், அந்த இடத்தையும் பேச்சையும் தவிர்ப்பது போன்றவை ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து அன்றாட வாழ்க்கையைக் குலைத்தால்தான் அதற்கு டாக்டர்கள் ஒரு பெயர் வைக்கிறார்கள்: அதிர்ச்சிக்குப் பிந்தைய மனப் பாதிப்பு, சுருக்கமாக பி.டி.எஸ்.டி. 1980-ல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோய்ப் பட்டியலில் இது இடம்பெற்றது. தூக்கக் கோளாறு இதன் ஓர் அறிகுறி மட்டுமல்ல. தூக்கம் கெட்டால் மற்ற அறிகுறிகளும் ஆறாமல் நீடிக்கின்றன.

அமுக்குப் பேயின் நிஜ முகம்

இப்படிக் குலைந்த தூக்கத்தின் நடுவே இன்னொரு பயமும் வருகிறது. திடீரென்று விழிப்புத் தட்டும். அறை தெரியும், பக்கத்தில் படுத்திருப்பவர் தெரிவார். கையைத் தூக்க முடியாது. கத்த நினைத்தால் குரல் வராது. நெஞ்சில் யாரோ உட்கார்ந்திருப்பது போல ஒரு பாரம். வாசல் ஓரம் ஒரு நிழல் நகர்வது போலத் தோன்றும். சில விநாடிகளோ ஓரிரு நிமிடங்களோதான். அனுபவிப்பவருக்கு அது ஒரு யுகம்.

தமிழில் இதற்கு அமுக்குப் பேய் என்று பெயர். வங்காளத்தில் 'போபா' (ஊமை ஆவி) பிடித்துவிட்டது என்பார்கள். கம்போடியர்களும் ஆவி வந்து அழுத்துகிறது என்றே சொல்கிறார்கள். தேசம் மாறினாலும் பேய் ஏறி உட்காருவது ஒரே இடத்தில்தான் என்பதிலிருந்தே இது மனித உடம்பின் சங்கதி என்பது புரிந்துவிடும்.

மருத்துவத்தில் இதன் பெயர் ஸ்லீப் பராலிசிஸ், அதாவது உறக்க முடக்கம். தூக்கத்தில் கனவுகள் மிகத் தெளிவாக வரும் கட்டம் ஒன்று உண்டு. மூடிய இமைக்குள் கண்கள் வேகமாக அசையும் கட்டம் அது. சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1953-ல் அதை உலகுக்குச் சொன்னார்கள். அந்தக் கட்டத்தில் மூளைத் தண்டு கைகால் தசைகளைத் தற்காலிகமாகச் செயலிழக்கச் செய்கிறது. கனவில் ஓடும்போது நிஜமாகவே எழுந்து ஓடிவிடாதிருக்க இயற்கை போட்ட பூட்டு அது. சில நேரம் அறிவு விழித்துவிடுகிறது, பூட்டு திறக்கத் தாமதமாகிறது. கனவின் மிச்சம் கண்முன் நிழலாகத் தெரிகிறது. மூச்சு நிற்பதில்லை. முக்கிய மூச்சுத் தசையான உதரவிதானம் தன் வேலையைச் செய்துகொண்டேதான் இருக்கிறது. ஆழமாக மூச்சை இழுக்க நினைத்து முடியாமல் போவதால்தான் பாரமாகத் தெரிகிறது.

இது அபூர்வமுமல்ல. பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2011-ல் வெளியான கணக்குப்படி, பொதுமக்களில் சுமார் 8 சதவீதம் பேருக்கு வாழ்நாளில் ஒரு முறையாவது இது நேர்ந்திருக்கிறது. மாணவர்களில் 28 சதவீதம். மனநலச் சிகிச்சை பெறுபவர்களில் கிட்டத்தட்ட 32 சதவீதம். தூக்கம் துண்டு துண்டாக உடையும் இடத்தில்தான் இது அதிகம் நுழைகிறது. ஆகவே இரவு ஷிப்ட் தொழிலாளியிடமும், பரீட்சைக்குக் கண்விழிக்கும் மாணவனிடமும், அதிர்ச்சியில் தப்பியவரிடமும் வருகிறது. போல்பாட் ஆட்சியின் கொடுமைகளிலிருந்து தப்பி அமெரிக்காவில் குடியேறிய கம்போடிய அகதிகளில் மனநலச் சிகிச்சைக்கு வந்த 100 பேரை ஆராய்ந்தபோது, 42 பேருக்கு ஆண்டுக்கு ஒரு முறையாவது இது வந்துகொண்டிருந்தது. பி.டி.எஸ்.டி. உள்ளவர்களிடம் மற்றவர்களைவிட அதிகம்.

பேய் என்று நம்புவதில் ஒரு நஷ்டம் இருக்கிறது. இறந்த உறவினரே வந்து அழுத்துகிறார் என்று நினைப்பவருக்குப் பயத்தோடு குற்ற உணர்வும் சேர்கிறது. பயம் கூடக்கூடத் தூக்கம் கெடுகிறது. தூக்கம் கெடக்கெட அமுக்கமும் அடிக்கடி வருகிறது. இந்த வட்டத்தை அறுக்கும் முதல் கத்தி, நடப்பது என்னவென்று தெரிந்துகொள்வதுதான். மந்திரிப்பதோ கயிறு கட்டுவதோ ஒருவருக்கு மன அமைதி தந்தால் தரட்டும். ஆனால் டாக்டரிடம் போவதை அது தள்ளிப்போடக் கூடாது.

அமுக்கும்போது என்ன செய்வது?

முதலில், போராட வேண்டாம். முழு உடம்பையும் உதற முயன்றால் பீதிதான் ஏறும். "இது உறக்க முடக்கம், ஒரு நிமிடத்தில் போய்விடும்" என்று மனதுக்குள் சொல்லிக்கொள்ளுங்கள். மூச்சை அதன் போக்கில் விடுங்கள். கால் கட்டைவிரலையோ ஒரு சுண்டுவிரலையோ மட்டும் அசைக்க முயலுங்கள். கண்ணை உருட்ட முடியும், அதையும் செய்யலாம். நிழலை உற்றுப் பார்க்க வேண்டாம்.

பக்கத்தில் படுப்பவரிடம் பகலிலேயே சொல்லிவையுங்கள். வித்தியாசமாக முனகல் கேட்டால் தோளைத் தொட்டுக் கூப்பிடச் சொல்லுங்கள். தொட்டால் பெரும்பாலும் கலைந்துவிடும். கலைந்ததும் உடனே திரும்பப் படுக்காமல் எழுந்து உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, ஐந்து நிமிடம் கழித்துப் படுப்பது நல்லது. இல்லாவிட்டால் அதே இடத்திலிருந்து மறுபடி தொடங்கலாம். மல்லாந்து படுப்பவர்களுக்கு இது அதிகம் வருகிறது. ஒருக்களித்துப் படுத்துப் பாருங்கள்.

தூக்கத்தைத் திரும்ப அழைப்பது

தூக்கம் வரவில்லை என்றதும் நம் ஊரில் கை முதலில் போவது மாத்திரைக்கு. அல்பிரசோலாம் போன்ற மாத்திரைகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கச் சட்டம் இடம் தருவதில்லை. இருந்தும் அவை கைமாறுகின்றன. அதிர்ச்சிக்குப் பிந்தைய முதல் மாதத்தில் தூக்கமின்மைக்கு இந்த வகை மாத்திரைகளைக் கொடுக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2013-ல் வழிகாட்டியது. பழக்கமாகிவிடும், அடிப்படைப் பயம் அப்படியே இருக்கும். ஏற்கெனவே சாப்பிட்டு வருபவர்கள் திடீரென்று நிறுத்தவும் கூடாது. டாக்டர் சொல்லும் வேகத்தில்தான் குறைக்க வேண்டும். மது இன்னும் மோசம். முதல் பாதி இரவில் கனவுக் கட்டத்தை அமுக்கி, பின்னிரவில் அதை இரட்டிப்பு வேகத்தில் திருப்பிவிடும்.

நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதல் சிகிச்சை மாத்திரை அல்ல, பழக்கத்தையும் எண்ணத்தையும் மாற்றும் பயிற்சியே என்று அமெரிக்க டாக்டர்களின் கல்லூரி 2016-ல் பரிந்துரைத்தது. அதன் சாரம் எளிமையானது. எப்போது தூங்கினாலும் காலையில் ஒரே நேரத்தில் எழுவது. தூக்கம் கண்ணைச் சுற்றும்போது மட்டும் படுப்பது. சுமார் 20 நிமிடம் ஆகியும் தூக்கம் வராவிட்டால் எழுந்து வேறிடத்தில் உட்கார்ந்துவிட்டு, கண் சொருகும்போது திரும்பி வருவது. படுத்துக்கொண்டே செல்போன் பார்ப்பதும், கணக்குப் போட்டுக் கவலைப்படுவதும் கூடாது. மத்தியானத்துக்கு மேல் காபி, டீ வேண்டாம். மாலை 4 மணிக்குக் குடித்த காபியின் காஃபீனில் பாதி இரவு 9 மணிக்கும் உடம்பில் இருக்கும். சில வாரங்களில் படுக்கை என்றால் போராட்டம் என்ற பாடம் மாறி, படுக்கை என்றால் தூக்கம் என்று உடம்பு புதிதாகப் படித்துக்கொள்கிறது.

திரும்பத் திரும்ப வரும் கெட்ட கனவுக்கும் ஒரு பயிற்சி உண்டு. பகல் வெளிச்சத்தில் அந்தக் கனவை எழுதி, அதன் முடிவைத் தன் விருப்பப்படி மாற்றி, புதிய கனவைத் தினமும் பத்து இருபது நிமிடம் மனதில் ஓட்டிப் பார்ப்பது. பாலியல் வன்முறைக்கு ஆளான 168 பெண்களிடம் அமெரிக்காவில் நடந்த ஆய்வு 2001-ல் வெளியானது. இந்தப் பயிற்சி பெற்றவர்களுக்குக் கனவுகள் குறைந்தன, தூக்கம் மேம்பட்டது. பிராசோசின் என்ற ரத்த அழுத்த மருந்து மீதும் நிறைய எதிர்பார்ப்பு இருந்தது. ஆனால் அமெரிக்க முன்னாள் படைவீரர்களிடம் நடந்த பெரிய ஆய்வு ஒன்றில் அது வெற்று மாத்திரையை மிஞ்சவில்லை என்று 2018-ல் தெரிந்தது. சிலருக்கு உதவலாம். முடிவு டாக்டருடையது.

பகலில் திடீர் திடீரென்று தூங்கிவிழுவது, சிரித்தால் முழங்கால் மடிவது, பலத்த குறட்டையும் நடுவில் மூச்சு நிற்பதும், செத்துவிடலாம் என்ற எண்ணம் ஆகியவற்றில் எது இருந்தாலும் தாமதிக்காமல் டாக்டரைப் பார்க்க வேண்டும்.

போபால் கற்றுத்தந்தது

போபாலில் ஆரம்பத்தில் கண்ணும் நுரையீரலும்தான் கவனம் பெற்றன. 1985-ல் லக்னோ கிங் ஜார்ஜ் மருத்துவக் கல்லூரிக் குழு, வாயு பாதித்த பகுதிகளின் 10 சிகிச்சை நிலையங்களில் 855 நோயாளிகளைப் பரிசோதித்தது. 193 பேருக்கு மனநலப் பாதிப்பு இருந்தது. அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். இருமலுக்கும் மூச்சுத் திணறலுக்கும் மருந்து வாங்க வரிசையில் நின்றவர்கள் அவர்கள். இரவு எப்படிப் போகிறது என்று கேட்க அந்த வரிசையில் ஆள் இல்லை. எல்லோருக்கும் மனநல மருத்துவர் கிடைக்கமாட்டார் என்பதால் பெங்களூர் நிம்ஹான்ஸ் நிபுணர்கள் பொது மருத்துவர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள், கையேடும் எழுதினார்கள். ஒரிசா புயல், குஜராத் பூகம்பம், சுனாமி என்று பின்னால் வந்த அழிவுகளில் அந்த அனுபவம் கைகொடுத்தது. ஆசிரியர்களும் தொண்டர்களும்கூடச் செய்யக்கூடிய ஆறுதல் பணியாக அது விரிந்தது.

குடும்பத்தினருக்கும் பங்கு உண்டு. நடந்ததைச் சொல், சொல் என்று வற்புறுத்துவது உதவாது. சொல்ல வரும்போது குறுக்கே பேசாமல் கேட்பது உதவும். "இன்னுமா அதையே நினைத்துக்கொண்டிருக்கிறாய்?" என்ற கேள்வியைப் போல ரணமாக்குவது வேறில்லை. ஒரு சின்ன விளக்கு எரியட்டும். குழந்தை அம்மாவை ஒட்டிப் படுக்கக் கேட்டால் படுக்கட்டும். நிவாரண முகாமில் தாழ்ப்பாள் உள்ள கதவு, வெளிச்சமான கழிப்பறை வழி, ஒழுகாத கூரை ஆகியவையும் தூக்க மருந்துகள்தான். பாதுகாப்பு இல்லாத இடத்தில் காவலை விடு என்று மூளையிடம் யாரும் சொல்ல முடியாது.

வெளியே போக முடியாதவர்களுக்கு டெலிபோன் வழியும் இருக்கிறது. மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவை 14416 என்ற இலவச எண்ணில் இரவும் பகலும் இயங்குகிறது. தமிழிலும் பேசலாம். மாவட்ட மனநலத் திட்டம் 700க்கும் மேற்பட்ட மாவட்டங்களை எட்டியிருக்கிறது.

அழிவுக்குப் பிறகு அரசு வீடுகளை எண்ணுகிறது. லாத்தூர் பகுதியில் சுமார் 50 கிராமங்கள் வேறிடத்தில் புதிதாகக் கட்டப்பட்டன. சுவரை எழுப்பக் காலக்கெடு உண்டு, நிதி உண்டு, மேற்பார்வையாளரும் உண்டு. அந்தச் சுவருக்குள் படுப்பவர் தூங்குகிறாரா என்பதற்கு எந்தப் படிவத்திலும் ஒரு கட்டம் கிடையாது. ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டரும், வீடு வீடாகப் போகும் ஆஷா பணியாளரும், பக்கத்து வீட்டு அக்காவும் ஒரு கேள்வியைச் சேர்த்துக்கொண்டால் போதும்: "ராத்திரி தூங்கினீங்களா?" இல்லை என்ற பதிலைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாமல் இருந்தால், பாதிச் சிகிச்சை அங்கேயே தொடங்கிவிடுகிறது.