தண்ணீரை இழுப்பது சுலபம், விடுவிப்பதுதான் கஷ்டம்

மாங்காயை நறுக்கி உப்புப் போட்டுக் குலுக்கி வைத்தால் மறுநாள் ஜாடியில் தண்ணி விட்டிருக்கும். யாரும் பிழியவில்லை, உப்பு இழுத்தது. இதே இழுப்பை வைத்துக் கடல்நீரையும் கழிவுநீரையும் சுத்திகரிப்பதுதான் ஃபார்வர்டு ஆஸ்மாசிஸ்.

வீட்டு ஆர்ஓ மெஷினில் பம்ப் அழுத்தித் தண்ணீரைச் சவ்வு வழியாகத் தள்ளுகிறது. இங்கே தள்ளுவதற்குப் பதில் இழுக்கிறோம். சவ்வின் ஒரு பக்கம் அழுக்குத் தண்ணீர், மறுபக்கம் அதைவிட அடர்த்தியான கரைசல். தண்ணீர் தானாகவே அந்தப் பக்கம் போய்விடும். சரி, அந்தக் கரைசலில் எதைக் கரைப்பது? அந்தப் பொருளை ‘இழுப்பான்’ என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் இழுவிசை. வான்ட் ஹாஃப் சூத்திரப்படி இது துகள்களின் எண்ணிக்கையைப் பொறுத்தது, எடையை அல்ல. ஒரு லிட்டரில் 58.5 கிராம் சமையல் உப்பு, அதாவது ஒரு மோல், இரண்டிரண்டு அயனியாகப் பிரிந்து 50 பாருக்குக் கொஞ்சம் குறைவாகத் தரும். ஒரு மோல் சர்க்கரை 342 கிராம். அது பிரியாது, அதனால் ஏறத்தாழ பாதிதான். கடல்நீரின் அழுத்தமே சுமார் 27 பார். அப்போ சர்க்கரை அவுட்டா? கொஞ்சம் பொறுங்க.

அடுத்தது கசிவு. உப்பின் சின்ன அயனிகள் சவ்வு வழியே கொஞ்சம் பின்னால் ஓடிவிடும். மெக்னீசியம் குளோரைடு மூன்று அயனி தரும், கசிவும் குறைவு. ஆனா அது மெதுவாகப் பரவும். சவ்வைத் தாங்கும் நுண்துளை அடுக்குக்குள் வரும் தண்ணீர், அங்கிருக்கும் கரைசலை நீர்த்துப்போகச் செய்கிறது. இழுப்பான் வேகமாக வந்து அந்த இடத்தை நிரப்பாவிட்டால், தொட்டியில் இருக்கும் 50 பாரில் ஒரு பங்குதான் சவ்வுக்குக் கிடைக்கும். பெரிய மூலக்கூறு கசியாது, ஆனா சோம்பேறி.

இதுவரை பார்த்ததெல்லாம் பாதிக் கணக்கு. இழுத்த தண்ணீர் இப்போ இழுப்பானோடு கலந்து கிடக்கிறது. அதை எப்படிப் பிரிப்பது? ஆர்ஓ வைக்கலாமே என்று தோன்றும். கடல்நீரிலிருந்து இழுக்க வேண்டுமானால் இழுப்பானின் அழுத்தம் எப்போதும் கடல்நீரைவிட அதிகமாக இருக்கணும். அப்படியானால் ஆர்ஓ வெல்ல வேண்டிய அழுத்தமும் அதிகம், நேரடியாகக் கடல்நீருக்கே ஆர்ஓ போட்டிருந்தால் மின்சாரம் குறைவாக ஆகியிருக்கும். ஒரு ஃபங்ஷனை வேகமாக்குகிறேன் என்று அதன் வேலையை அடுத்த ஃபங்ஷனில் தள்ளிவிட்ட மாதிரி. ஆர்ஓ சவ்வில் அழுக்குப் படியாது என்பதுதான் மிஞ்சும் லாபம்.

இதற்கு யேல் பல்கலைக்கழகத்தில் மெனாஹெம் எலிமெலெக் குழு 2005-ல் காட்டிய வழி அழகானது. அம்மோனியாவையும் கார்பன் டை ஆக்சைடையும் தண்ணீரில் கரைத்தால் நல்ல இழுவிசை வரும். 60 டிகிரி செல்சியஸ் வாக்கில் சூடாக்கினால் இரண்டும் வாயுவாகப் பிரிந்துவிடும், தண்ணீர் மிஞ்சும். ஆனா சூடும் ஆற்றல்தான். ஆலையில் வீணாகப் போகும் வெப்பம் பக்கத்தில் இருந்தால்தான் கணக்கு கட்டும். மிச்ச அம்மோனியாவையும் விரட்டியாகணும், இல்லாவிட்டால் தண்ணீர் நாறும்.

பிரிக்கவே தேவையில்லாத இடமும் உண்டு. அங்கேதான் சர்க்கரை திரும்பி வருகிறது. ஆபத்துக் காலத்துக்கான பைகளில் சர்க்கரைக் கரைசலை வைத்து, கலங்கல் தண்ணீரில் போட்டுவிடுவார்கள். உள்ளே வந்த தண்ணீரைச் சர்க்கரையோடு அப்படியே குடிக்கலாம். உரத்தை இழுப்பானாக வைத்துப் பாசனத்துக்கு விடுவதும் இதே யோசனை. ஆனா உவர்நீரிலிருந்து இழுக்கும்போது, பயிர் தாங்கும் அளவுக்கு உரம் நீர்த்துப்போகும் முன்பே இழுப்பு நின்றுவிடும். மேற்கொண்டு நல்ல தண்ணீர் கலக்க வேண்டியிருக்கும்.

ஆகவே இழுப்பானைத் தேர்ந்தெடுக்கும்போது நான் பட்டியலைக் கடைசியிலிருந்து படிக்கிறேன். இந்தத் தண்ணீர் யாருக்கு, எதற்கு? பிரிக்கணுமா? பிரிக்க என்ன ஆற்றல் சும்மா கிடைக்கிறது? இதற்கெல்லாம் பதில் வந்தபிறகு இழுவிசை, கசிவு, வேகம். யாராவது ‘மின்சாரமே வேண்டாம்’ என்று ஃபார்வர்டு ஆஸ்மாசிஸ் கருவியைக் காட்டினால், நீர்த்த கரைசலை அப்புறம் என்ன செய்வீங்க என்று மட்டும் கேளுங்கள்.